புது மீனுக்கு முதலில் ஒரு வெற்றுத் தொட்டி: கடல்மீன் வளர்ப்பில் தனிமைத் தொட்டி எதற்கு, எப்படி

கடைக்காரர் பையில் போட்டுத் தரும் மீன் எந்த வழியாக உங்கள் கைக்கு வந்தது என்று கொஞ்சம் யோசித்தாலே தனிமைத் தொட்டி எதற்கு என்பது பாதி புரிந்துவிடும். சிங்கப்பூர்க் கடைகளில் பார்க்கும் கடல்மீன்கள் பலவும் இந்தோனேசியாவிலோ பிலிப்பீன்ஸிலோ பவளப்பாறைகளில் பிடித்தவை. பிடித்தவரின் வாளி, அந்த ஊர் வியாபாரியின் தொட்டி, ஏற்றுமதிக் கிடங்கு, விமானத்தில் ஒரு ஸ்டைரோஃபோம் பெட்டி, இங்குள்ள மொத்த வியாபாரி, அப்புறம் சிராங்கூன் நார்த்திலோ பாசிர் ரிஸ்ஸிலோ ஒரு கடை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் வேறு வேறு இடத்தில் பிடித்த மீன்களோடு தண்ணீரைப் பகிர்ந்திருக்கும், சரியாகச் சாப்பிட்டிருக்காது, பயந்து போயிருக்கும். கடையில் வரிசையாக நிற்கும் தொட்டிகள் பெரும்பாலும் அடியில் சம்ப் என்ற ஒரே வடிகட்டும் தொட்டியில் இணைந்திருப்பதால், நீங்கள் வாங்கும் மீனின் தொட்டி பளிச்சென்று இருந்தாலும் நாலு தொட்டி தள்ளியிருக்கும் மீனின் நோய் இதற்கும் வந்திருக்கலாம். கடைக்காரரைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை, அந்த வியாபாரம் நடக்கும் விதமே அதுதான்.

தனிமைத் தொட்டி என்பது உங்கள் பெரிய தொட்டியோடு தண்ணீர், வலை, குழாய், ஈரக் கை எதையும் பகிர்ந்துகொள்ளாத ஒரு சின்னத் தொட்டி, அவ்வளவுதான். புது மீன் முதல் நான்கு முதல் ஆறு வாரம் அங்கே இருக்கும்; நீங்கள் பார்ப்பீர்கள், தேவைப்பட்டால் மருந்து போடுவீர்கள், நன்றாகச் சாப்பிட வைப்பீர்கள், அதற்குப் பிறகுதான் பெரிய தொட்டிக்கு மாற்றுவீர்கள். கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் இதை அரைகுறையாகச் செய்தவர்கள்தான் "தனிமைத் தொட்டியில் போட்டதால்தான் மீன் செத்தது" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்கள், அவர்கள் சொல்வதில் உண்மையும் இருக்கிறது. தனிமைத் தொட்டியில் சாகும் மீன்களில் நிறைய, நோயால் சாவதில்லை. அந்தத் தொட்டியின் தண்ணீரால் சாகின்றன. இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் அதை மட்டும் மறக்காதீர்கள்.

எதற்காக நான்கு வாரம்

கடல்மீன்களுக்கு வரும் வெள்ளைப் புள்ளி நோயை எடுத்துக்கொள்வோம். இதற்குக் காரணம் கிரிப்டோகாரியான் இரிட்டான்ஸ் என்ற ஒருசெல் ஒட்டுண்ணி. மீனின் தோலிலும் செவுளிலும் புகுந்து 3 முதல் 7 நாள் வரை அங்கேயே தின்று வளரும். நம் கண்ணுக்கு உப்புத்தூள் ஒட்டியது போலத் தெரிவது அந்தக் கட்டம்தான். வளர்ந்ததும் மீனை விட்டு உதிர்ந்து கீழே போய், மணலிலோ கல்லிலோ கண்ணாடியிலோ ஒட்டி, தன்னைச் சுற்றி ஒரு கெட்டி உறை போட்டுக்கொள்ளும். அந்த உறைக்குள் பிரிந்து பிரிந்து நூற்றுக்கணக்கில் பெருகி, ஒரு நாள் உடைத்துக்கொண்டு வெளியே வந்து, அடுத்த மீனைத் தேடி நீந்தும். நீந்தும் அந்தக் குட்டிகள் ஓரிரு நாளுக்குள் ஒரு மீனைப் பிடிக்காவிட்டால் செத்துவிடும்.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது, புள்ளிகள் மறைவது குணமானதாக அர்த்தமில்லை. "நேற்று புள்ளி இருந்தது, இன்று சுத்தமாகிவிட்டது, பூண்டுச் சாறு கொடுத்தேன் வேலை செய்துவிட்டது" என்று சொல்பவர் உண்மையில் பார்த்தது, ஒட்டுண்ணி உதிர்ந்து கீழே உறை போடப் போன நாளைத்தான். ஒரு வாரமோ இரண்டு வாரமோ கழித்து அது பல மடங்காகத் திரும்பும். இரண்டாவது, உறை உடைவதற்குக் குறிப்பிட்ட நாள் கிடையாது: பெரும்பாலானவை 3 முதல் 28 நாளுக்குள், அதாவது நான்கு வாரத்துக்குள், உடையும் என்றாலும், 72 நாள் வரை தாக்குப்பிடித்ததை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். அதனால்தான் பெரிய தொட்டிக்குள் இது ஒருமுறை நுழைந்துவிட்டால் எல்லா மீன்களையும் வெளியே எடுத்து, 76 நாள் அந்தத் தொட்டியை மீனே இல்லாமல் போட்டுவைக்கச் சொல்கிறார்கள். பவளமும் நத்தையும் இறாலும் உள்ளே இருக்கலாம், அவற்றின்மேல் இது வளராது. ஆனால் பாறைக்கு இடையில் ஒளிந்துகொண்டு வர மறுக்கும் மீனைப் பிடிக்க, நீங்கள் மாதக்கணக்கில் அடுக்கிய பாறைகளை எல்லாம் பிரிக்க வேண்டியிருக்கும். அந்த வேலையை ஒருமுறை கற்பனை செய்து பாருங்கள், மூலையில் ஒரு சின்னத் தொட்டி வைப்பது பெரிய தொல்லையாகத் தெரியாது.

வெல்வெட் என்று சொல்லும் அமிலூடினியம் இதைவிட மோசம். புள்ளிகள் மிக நுண்ணியவை, பக்கவாட்டில் டார்ச் அடித்தால்தான் தூசு படிந்தது போலத் தெரியும், பல சமயம் அது தெரியும் முன்னரே செவுள் பாழாகி மீன் போய்விடும். மூச்சு வேகமாக வாங்குவது, வெளிச்சத்தைத் தவிர்ப்பது, பம்ப்பின் ஓட்டத்துக்கு நேராக முகத்தைக் கொடுத்துக்கொண்டு நிற்பது, திடீரென்று சாப்பாட்டை நிறுத்துவது, இவைதான் அடையாளம். நீமோ மீன்களுக்குப் புரூக்ளினெல்லா என்று இன்னொன்று வரும், உடம்பெல்லாம் வெள்ளைக் கோழை உரிந்து தொங்கும். அப்புறம் தட்டைப் புழுக்கள்: கண்ணுக்குத் தெரியாது, மீன் அடிக்கடி உடம்பைத் தேய்த்துக்கொள்ளும், கண் மங்கும்.

"என் தொட்டியில் நான் எதையும் தனிமைப்படுத்தியதில்லை, எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது" என்று சொல்லும் அண்ணன் ஒருவர் எல்லா நண்பர் கூட்டத்திலும் இருப்பார். இருக்கலாம். ஒட்டுண்ணித் தாக்குதலில் பிழைத்த மீனுக்குச் சில மாதங்களுக்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தி வரும், அதனால் பழைய மீன்கள் நோயைச் சுமந்துகொண்டே தெம்பாகத் திரியும். புதிதாக ஒரு நீல டாங்கை, நம் பிள்ளைகள் டோரி என்று கேட்பார்களே, அதை உள்ளே விடும்போதுதான் கணக்கு வெளியே வரும். அந்த மீன் வெள்ளைப் புள்ளியை வரவேற்பதில் பேர்போனது.

பெரிய தொட்டியிலேயே மருந்து போட்டால் என்ன?

போட முடியாது. இந்த ஒட்டுண்ணிகளுக்கு நம்பகமான மருந்து செம்பு. செம்பு இறாலையும் நத்தையையும் பவளத்தையும் கொன்றுவிடும், லைவ் ராக் என்ற, பாக்டீரியா குடியிருக்கும் பாறையும் மணலும் அதை உறிஞ்சிக்கொண்டு அளவைக் குழப்பும். சுத்தம் செய்யும் இறால் வாங்கி விடுவது, யுவி விளக்கு மாட்டுவது, பூண்டு கொடுப்பது எல்லாம் செலவுக்கு உண்டு, ஒழிப்பதற்கு உதவாது. யுவி தண்ணீரில் மிதக்கும் குட்டிகளைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான் அதன் எல்லை.

தொட்டியும் இடமும்

சின்ன மீன்களுக்கு இரண்டடித் தொட்டி போதும். 60 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 36 உயரம் என்றால் சுமார் 65 லிட்டர். டாங் போல நீந்திக்கொண்டே இருக்கும் மீன் என்றால் இன்னும் பெரிதாக வேண்டும். கண்ணாடிதான் வேண்டும் என்றும் இல்லை, உணவுத் தரப் பிளாஸ்டிக் பெட்டியும் சரிதான், பக்கவாட்டில் பார்க்க முடியாது என்பதுதான் குறை.

உள்ளே மணல் வேண்டாம், கல் வேண்டாம், அலங்காரம் வேண்டாம். வெறும் கண்ணாடி. மீன் ஒளிந்துகொள்ள வன்பொருள் கடையில் கிடைக்கும் பிவிசி முழங்கைத் துண்டுகள் நாலைந்து போடுங்கள். ஒளிய இடம் இல்லாத மீன் சாப்பிடாது. மணலில் புதைந்து தூங்கும் ராஸ் வகை என்றால் மட்டும் ஒரு சின்ன டப்பாவில் மணல் வையுங்கள், ஆனால் செம்பு போடும்போது அதுவும் அளவைக் கொஞ்சம் இழுக்கும் என்று நினைவிருக்கட்டும். தொட்டியின் அடியையும் மூன்று பக்கத்தையும் கறுப்புத் தாளால் மூடினால் மீன் சீக்கிரம் அமைதியாகும். மேலே வலை மூடி கட்டாயம். ராஸ், கோபி எல்லாம் குதிக்கும், காலையில் தரையில் காய்ந்து கிடக்கும். தனி விளக்கு தேவையில்லை, அறை வெளிச்சமே போதும்.

வீவக வீட்டில் இதை எங்கே வைப்பது என்பதுதான் உண்மையான கேள்வி. பலருக்கு முதலில் தோன்றுவது பாம் ஷெல்டர். கதவைச் சாத்தினால் காற்றே வராது, வெக்கை, தண்ணீரைக் குளிர்விக்க அங்கே விசிறி ஓடினால் ஆவியாகிச் சுவரெல்லாம் ஈரம். நான் பரிந்துரைக்க மாட்டேன். சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கும் இடம் தண்ணீர் மாற்ற வசதி, ஆனால் பக்கத்தில் சோப்புத் தூளும் குளோராக்ஸும் தெறிக்காமல் பார்க்க வேண்டும், பிற்பகல் வெயில் அடிக்கிறதா என்றும் பாருங்கள். என் தேர்வு, யாரும் அதிகம் நடமாடாத படுக்கையறை மூலை. எங்கே வைத்தாலும் பெரிய தொட்டியிலிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம். வெல்வெட் குமிழி தெறிக்கும் நுண்துளிகளில் காற்று வழியாகவும் போகும் என்று ஆய்வில் காட்டியிருக்கிறார்கள். பெரிய தொட்டி கூடத்தில் என்றால் இது அறையில்.

சூட்டைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். குளிர்நாட்டுக்காரர்கள் எழுதும் பட்டியலில் ஹீட்டர் முதல் பொருளாக இருக்கும், நமக்கு நிலைமை தலைகீழ். ஏர்கான் இல்லாத அறையில் தண்ணீர் 29, 30 டிகிரியில் நிற்கும். பவளப்பாறை மீன்கள் இந்தச் சூட்டைத் தாங்கும், ஆனால் சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, நோய்வாய்ப்பட்ட செவுளுக்கு அதுதான் ஆபத்து. இன்னொரு சில்லர் வாங்கத் தேவையில்லை, தண்ணீர்ப் பரப்பை நோக்கி ஒரு கிளிப் விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஹீட்டர் தேவைப்படுவது ஒரே ஒரு இடத்தில்: இரவு ஏர்கான் போட்டுத் தூங்கும் அறை. பகலில் 30, விடியலில் 25 என்று தினமும் ஏறி இறங்குவது மீனுக்கு ஆகாது, அங்கே 27-இல் ஒரு ஹீட்டர் வைத்துவிடுங்கள்.

விசிறி வைத்தால் தண்ணீர் ஆவியாகும், உப்பு அங்கேயே தங்கும், அடர்த்தி ஏறும். கண்ணாடியில் நீர்மட்டத்துக்கு ஒரு டேப் ஒட்டி, தினமும் அந்தக் கோடு வரை உப்பில்லாத நன்னீர் ஊற்றுங்கள். அந்த நன்னீர் வாளியை மூடி வையுங்கள், திறந்து வைத்தால் ஏடிஸ் கொசு முட்டையிடும், தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் அதிகாரி கதவைத் தட்டினால் மீன் வளர்ப்பு என்று விளக்கம் சொல்லித் தப்ப முடியாது. புளோக்கில் கொசுப் புகை அடிக்கும் நாளில் சன்னலைச் சாத்துங்கள், அந்தப் புகையில் உள்ள பூச்சிமருந்து மீனுக்கு விஷம், ஏர் பம்ப் அதை உறிஞ்சி நேராகத் தண்ணீருக்குள் அனுப்பும். வெள்ளிக்கிழமை சாம்பிராணியையும் அந்த அறைக்குள் கொண்டு போகாமல் இருப்பது நல்லது.

அம்மோனியா, அம்மோனியா, அம்மோனியா

இனி முக்கியமான பகுதி. மீன் செவுள் வழியாகவும் கழிவு வழியாகவும் இடைவிடாமல் அம்மோனியாவை வெளியிடுகிறது. பெரிய தொட்டியில் லைவ் ராக் முழுக்கக் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றிவிடுவதால் உங்களுக்கு அது தெரிவதே இல்லை. தனிமைத் தொட்டியில் கல் இல்லை, மணல் இல்லை, பாக்டீரியாவும் இல்லை. புது மீனை விட்டுச் சாப்பாடும் போட்டால் ஓரிரு நாளில் அம்மோனியா ஏறும். கடல் தண்ணீரின் பிஎச் 8.1, 8.2 என்று இருப்பதால் அது நன்னீரைவிட இங்கே கொடியது. பிஎச் ஒரு எண் கூடினால் அம்மோனியாவின் நச்சு வடிவம் ஏறக்குறைய பத்து மடங்கு கூடும். செவுள் எரிந்து, மூச்சு வாங்கி, மீன் சாகும். பார்ப்பவர் வெல்வெட் என்று நினைத்து மேலும் மருந்து போடுவார்.

தீர்வு எளிது, ஆனால் முன்யோசனை வேண்டும். ஸ்பாஞ்ச் ஃபில்டரின் ஸ்பாஞ்சை மீன் வாங்குவதற்கு மூன்று நான்கு வாரம் முன்பே பெரிய தொட்டியின் சம்பில் போட்டு வையுங்கள். பாக்டீரியா தானாகக் குடியேறும். மீன் வரும் நாளில் அந்த ஸ்பாஞ்சைத் தனிமைத் தொட்டிக்கு மாற்றி ஏர் பம்ப்பில் மாட்டினால் முதல் நாளே வடிகட்டி வேலை செய்யும். பெரிய தொட்டியே இன்னும் இல்லாதவர், அல்லது இருக்கும் தொட்டியில் நோய் இருக்கும் என்று சந்தேகப்படுபவர், புட்டி பாக்டீரியா வாங்கித் தனிமைத் தொட்டியிலேயே கொஞ்சம் அம்மோனியா ஊற்றி வளர்த்துக்கொள்ளலாம். ஊற்றிய அம்மோனியா ஒரு நாளுக்குள் காணாமல் போகிறதா என்று சோதித்த பிறகே மீன். "மீனைப் பார்த்தேன், பிடித்துவிட்டது, வாங்கிவிட்டேன், இப்போது தொட்டி வைக்கிறேன்" என்பவருக்கு என்னிடம் ஒரே பதில்தான்: கடைக்காரரிடம் முன்பணம் கொடுத்து நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். கேட்டால் நிறையக் கடைகளில் செய்வார்கள், இன்னும் இரண்டு வாரம் அது கடையில் உயிரோடு இருக்கிறதா, சாப்பிடுகிறதா என்றும் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

கண்ணாடியில் ஒட்டும் அம்மோனியா அட்டை ஒன்று மாட்டிவிடுங்கள், நிறம் மாறினால் ஒரு பார்வையில் தெரியும். நிறம் மாறினால் உடனே பாதித் தண்ணீரை மாற்றுங்கள். சாப்பிடாமல் கிடப்பதைச் சில நிமிடங்களில் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். தண்ணீர் மாற்றுவதற்காகவே எப்போதும் ஒரு பெட்டி உப்புத் தண்ணீர் தயாராக இருக்க வேண்டும், இரவு பதினொரு மணிக்கு அம்மோனியா ஏறினால் எந்தக் கடையும் திறந்திருக்காது.

தண்ணீர் என்றதும் குழாய்த் தண்ணீர் பற்றி: நம் ஊரில் பொதுப் பயனீட்டுக் கழகம் தண்ணீரைச் சுத்திகரிக்க குளோரமின் பயன்படுத்துகிறது. அது சாதாரண குளோரின் போல ஒரு இரவு வாளியில் வைத்தால் பறந்துவிடாது. நீக்கும் மருந்து போட வேண்டும், அப்படிப் போட்டால் குளோரமின் உடைந்து அதிலிருந்தும் கொஞ்சம் அம்மோனியா வரும். ஆர்ஓ டிஐ வடிகட்டித் தண்ணீரில் உப்புக் கலப்பது சுத்தமான வழி. கடைகளில் கேனில் விற்கும் இயற்கைக் கடல்நீரும் பலர் வாங்குகிறார்கள். ஈஸ்ட் கோஸ்ட்டில் நீங்களே வாளியில் மொண்டு வருவது மட்டும் வேண்டாம். எதை வெளியே வைக்க இந்தத் தொட்டியைக் கட்டுகிறோமோ அதை நாமே சுமந்து வந்ததாக ஆகிவிடும்.

மீன் வரும் நாள்

கடைகள் மீன் தொட்டிகளில் உப்பு அடர்த்தியைக் குறைத்து வைப்பதுண்டு, 1.018, 1.020 என்று. உங்கள் பெரிய தொட்டி 1.025. குறைந்த உப்பிலிருந்து கூடிய உப்புக்குச் சட்டென்று மாறுவதுதான் மீனுக்குக் கஷ்டம். அதனால் வாங்கும் நாளுக்கு முன்பே கடையில் "உப்பு எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்" என்று கேட்டுக்கொண்டு தனிமைத் தொட்டியை அதே அளவில் வையுங்கள். இரண்டும் ஒன்றானால் மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கலக்கும் வேலையே வேண்டாம்: பையை மூடியபடி இருபது நிமிடம் மிதக்கவிட்டுச் சூடு சமமானதும், மீனை மட்டும் எடுத்து விட்டுவிட்டு, பைத் தண்ணீரைக் கொட்டிவிடலாம். வெகுதூரம் பையில் வந்த மீனுக்கு இது இன்னும் முக்கியம். பையில் மீன் விட்ட மூச்சால் கரியமில வாயு சேர்ந்து பிஎச் இறங்கியிருக்கும், அதனால் அம்மோனியா அடங்கிக் கிடக்கும். பையைத் திறந்ததும் பிஎச் ஏறி அதே அம்மோனியா நச்சாக மாறும். திறந்த பையில் மீனை நெடுநேரம் வைத்திருப்பது அதை விஷத்தில் ஊறவைப்பதுதான். அப்புறம் ஒரு வாரத்தில், நாளுக்கு 0.001 போல, மெதுவாக உப்பை ஏற்றிக்கொள்ளுங்கள்.

முதல் நாள் விளக்கை அணைத்து விட்டுவிடுங்கள். மறுநாளிலிருந்து உறைய வைத்த மைசிஸ் இறால், டாங் என்றால் மசாலா சேர்க்காத நோரி தாள். சாப்பிட ஆரம்பித்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

பார்ப்பதா, மருந்தே போடுவதா

இதில் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி, மீன் எதுவும் காட்டாவிட்டால் மருந்து வேண்டாம், நான்கு முதல் ஆறு வாரம் வெறுமே கவனி என்கிறது. இன்னொரு கட்சி, வந்த மீன் எல்லாவற்றுக்கும் செம்பும், புழுவுக்குப் பிராசிகுவான்டெலும் போட்டுவிடு என்கிறது. செவுளுக்குள் ஒளிந்த ஒட்டுண்ணி வெளியே தெரியாது என்பது இரண்டாம் கட்சியின் நியாயம், அது சரியான நியாயமும்கூட. ஆனால் முதல்முறை செய்பவருக்கு நான் சொல்வது: பார்த்துக்கொண்டிருங்கள், மருந்தையும் அளவுகோலையும் கையில் வாங்கி வைத்துக்கொண்டு. வந்து ஒரு வாரமாகச் சாப்பிடாத மீனுக்குச் செம்பு போட்டால் அது சுத்தமாகச் சாப்பாட்டை விட்டுவிடும். டாங், வெல்வெட்டுக்குச் சீக்கிரம் பலியாகும் மீன்கள் என்றால் மட்டும், சாப்பிட ஆரம்பித்ததும் செம்பைத் தொடங்குவதில் எனக்கும் சம்மதம்.

செம்பு போடுவதென்றால் அளக்காமல் போடாதீர்கள். அளவு குறைந்தால் ஒட்டுண்ணி பிழைக்கும், கூடினால் மீன் சாகும், இடைவெளி சின்னது. காப்பர் பவர் போன்ற பிணைத்த செம்பு என்றால் 2.5 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2.5 பங்கு), சீக்கெம் குப்ரமைன் என்றால் 0.5, இரண்டின் எண்ணும் வேறு, ஒன்றின் அளவில் மற்றொன்றை ஊற்றினால் கதை முடிந்தது. முதலில் தண்ணீரை உண்மையாக அளந்துகொள்ளுங்கள். மேலே சொன்ன இரண்டடித் தொட்டியில் 30 சென்டிமீட்டர் உயரம்தான் தண்ணீர் நிற்கிறது என்றால் 60 பெருக்கல் 30 பெருக்கல் 30, அதை ஆயிரத்தால் வகுத்தால் 54 லிட்டர். 65 என்று நினைத்து ஊற்றினால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மருந்து அதிகம். முழு அளவையும் ஒரே நாளில் ஊற்றாமல் நாலைந்து நாளாக ஏற்றுங்கள். நிறம் பார்த்து ஒப்பிடும் சோதனையை நம்பாதீர்கள், ஹன்னா செம்பு மானி போன்ற எண் காட்டும் கருவி விலை கூடுதல்தான், ஆனால் இந்தப் பட்டியலில் காசு போட வேண்டிய பொருள் அது ஒன்றுதான். கார்பன் ஃபில்டர் இருந்தால் எடுத்துவிடுங்கள், செம்பை உறிஞ்சும்.

செம்பு நீந்தும் குட்டிகளை மட்டுமே கொல்லும், மீனுக்குள் இருப்பதையும் உறைக்குள் இருப்பதையும் தொடாது. அதனால்தான் சரியான அளவை 30 நாள் விடாமல் பிடித்துவைக்க வேண்டும். இடையில் ஒரு நாள் குறைந்தாலும் அன்று உடைந்த உறைக்கு விடுதலை. தண்ணீர் மாற்றும்போது புதுத் தண்ணீரிலும் அதே அளவு செம்பு கலந்து ஊற்றுங்கள், ஆவியானதற்கு ஊற்றும் நன்னீரில் கலக்காதீர்கள், ஏனென்றால் செம்பு ஆவியாகிப் போகவில்லை. செம்பு இருக்கும் தண்ணீரில் அம்மோனியாவை அடக்கும் மருந்துகளை ஊற்றுவதும் ஆபத்து, செம்பை அவை மீனுக்கு இன்னும் நச்சாக்கிவிடக்கூடும். அம்மோனியா ஏறினால் தண்ணீர் மாற்றம்தான், வேறு வழி தேடாதீர்கள். ஸ்பாஞ்சை முன்கூட்டியே ஊறப்போடச் சொன்னதன் அருமை இங்கேதான் தெரியும்.

எல்லா மீனும் செம்பைத் தாங்காது. குள்ள ஏஞ்சல், சில ராஸ் வகைகளுக்கு இன்னும் மெதுவாக ஏற்ற வேண்டும். மாண்டரின் மீனை வெற்றுத் தொட்டியில் நாலு வாரம் வைத்தால் நோய்க்கு முன்னால் பட்டினி கொன்றுவிடும், அது உயிருள்ள நுண்ணிறால்களைப் பொறுக்கித் தின்னும் பிராணி. புதியவர் அதை வாங்காமல் இருப்பதே மேல். புரூக்ளினெல்லாவுக்குச் செம்பு கேட்காது, ஃபார்மலின் வேண்டும், அது மனிதருக்கே கெடுதலான ரசாயனம் என்பதால் அனுபவமுள்ளவரையோ மீன் பார்க்கும் கால்நடை மருத்துவரையோ கேட்காமல் தொடாதீர்கள். தட்டைப் புழு சந்தேகம் என்றால், சூடும் பிஎச்சும் சமப்படுத்திய நன்னீரில் மீனை ஐந்து நிமிடம் வைத்தால் புழுக்கள் வெளுத்து உதிர்ந்து அடியில் கிடப்பது தெரியும். பிராசிகுவான்டெலை ஒரு வாரம் இடைவிட்டு இரண்டு முறை போடுவது வழக்கம், முதல் முறை தப்பும் முட்டைகள் பொரிந்து வருவதைப் பிடிப்பதற்காக. போட்ட நாட்களில் ஆக்சிஜன் குறையும், ஏர் பம்ப்பைக் கூட்டிவையுங்கள்.

வேலை வரிசையும் ஒரு விஷயம்தான். தினமும் முதலில் பெரிய தொட்டி, கடைசியில் தனிமைத் தொட்டி. வலை, உறிஞ்சுகுழாய், வாளி எல்லாம் தனித்தனி; தனிமைத் தொட்டிச் சாமான்களில் சிவப்பு டேப் ஒட்டிவிட்டால் வீட்டில் உதவிக்கு வருபவரும் குழம்ப மாட்டார். ஜூன், டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்குப் போகும் திட்டம் இருந்தால் அதற்கு முன் ஒரு மாதத்துக்குப் புது மீன் வாங்காதீர்கள். பக்கத்து வீட்டு ஆன்ட்டி சாப்பாடு போடுவார், மூச்சு வேகமாக வாங்குகிறதா என்று பார்க்க மாட்டார். நடுவில் இன்னொரு மீன் பிடித்துப்போய் அதே தொட்டியில் சேர்த்தால் முதல் மீனுக்கும் நாள் கணக்கு ஒன்றிலிருந்து தொடங்கும், அது உங்கள் விருப்பம்.

நாட்கள் முடிந்து, மருந்து போட்டிருந்தால் அதையும் தண்ணீர் மாற்றியும் கார்பன் போட்டும் எடுத்து, இன்னும் ஒரு வாரம் தெளிந்த தண்ணீரில் பார்த்து, சாப்பாடும் மூச்சும் சரியாக இருந்தால் மீனை மட்டும் பிடித்துப் பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள், தனிமைத் தொட்டியின் தண்ணீர் அதோடு போக வேண்டாம். செம்புத் தண்ணீரைக் கழிவறையிலோ சமையலறைத் தொட்டியிலோ ஊற்றுங்கள், அது கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்குப் போகும். புளோக்குக்குக் கீழே உள்ள மழைநீர்க் கால்வாயில் கொட்டாதீர்கள், அந்த ஓடைகளில் பலவும் நம் குடிநீர் நீர்த்தேக்கங்களில்தான் போய்ச் சேர்கின்றன. தொட்டியையும் பிவிசி துண்டுகளையும் கழுவிச் சில நாள் சுக்காகக் காயவிட்டால் உறைகள் செத்துவிடும். செம்பில் இருந்த ஸ்பாஞ்சை மறுபடி சம்பில் போடாதீர்கள், தூக்கி எறிந்துவிட்டுப் புது ஸ்பாஞ்ச் ஒன்றை அன்றைக்கே ஊறப்போடுங்கள், அடுத்த மீனைப் பார்க்க எப்படியும் கடைக்குப் போகத்தான் போகிறீர்கள்.